மாடி எடுப்பதா, வளவு வீட்டில் பங்கு வாங்குவதா?

காரைக்குடிக்குப் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 39, தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 22,000 ரூபாய். கணவர் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். கடைச் செலவு போக மாதம் 40,000 நிற்கும். 14, 10 வயதில் இரண்டு பெண் பிள்ளைகள், 68 வயது மாமியார். ஐந்து பேரும் இருப்பது 580 சதுர அடிக் காங்கிரீட் வீடு: ஒரு ஹால், ஒரு அறை, அடுக்களை, ஒரே குளியலறை. 3 சென்ட் இடம். மாமனார் 1991-ல் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கி, 1996-ல் கட்டினார். 2017-ல் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். பட்டா, வீட்டு வரி எல்லாம் இன்னும் அவர் பெயரிலேயே. கொழுந்தனார் சிங்கப்பூரில். நாத்தனாரைத் தேவகோட்டையில் கட்டிக் கொடுத்திருக்கிறது.

வீட்டில் மூன்று பேருக்கு மூன்று யோசனை. மாமியார், “மேல ஒரு மாடி எடுங்க” என்கிறார். கொத்தனார் 600 சதுர அடிக்கு 15 லட்சம் சொல்லியிருக்கிறார். கணவருக்குப் பக்கத்து ஊரில் உள்ள, நடு முற்றத்தைச் சுற்றி அறைகள் கொண்ட பழைய செட்டிநாட்டு வளவு வீடு ஒன்றின் மேல் ஆசை. அதில் ஒரு பங்கு, அதாவது வளவில் இரண்டு அறையும் அதன் பின்னுள்ள இரண்டாம் கட்டில் ஒரு பகுதியும், 18 லட்சத்துக்கு வருகிறதாம். யாரையும் கேட்காமல் ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, வெள்ளைத் தாளில் ரசீதும் வாங்கி வந்துவிட்டார். சகோதரிக்கோ ஊருக்கு வெளியே புது மனைப்பிரிவில் 48 லட்சம் சொல்லும் மூன்று படுக்கை அறை வீடுதான் சரி என்று படுகிறது. கையிருப்பு 6 லட்சம், நகை 25 பவுன். “எதைச் செய்தாலும் என் நகைதான் முதலில் போகும். அதனால் கேட்கிறேன்” என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மூன்று யோசனைக்கும் விலை விசாரித்திருக்கிறீர்கள். போடுகிற பணம் கடைசியில் யார் பெயரில் போய் நிற்கும் என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்த்துவிட்டால் மூன்றில் ஒன்று இன்றைக்கே கழிந்துவிடும், இன்னொன்று தள்ளிப் போகும்.

இப்போது இருக்கும் வீடு யாருடையது?

“இந்த வீடு எங்களுக்குத்தான். நாத்தனாருக்கு 40 பவுன் போட்டுச் சீர் செய்தாயிற்று, கொழுந்தனார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்” என்று எழுதியிருக்கிறீர்கள். குடும்பத்துக்குள் அது உண்மையாக இருக்கலாம். பத்திரப்படி இல்லை. சொந்தச் சம்பாத்தியச் சொத்தை விட்டு, உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒன்று. உங்கள் மாமனாரின் தாய் அவருக்கு முன்பே காலமாகிவிட்டதாக எழுதியிருப்பதால் பங்கு நான்கு: மாமியார், உங்கள் கணவர், கொழுந்தனார், நாத்தனார். சீர் செய்ததைக் காட்டி மகளின் பங்கைக் கழிக்கச் சட்டத்தில் வழியில்லை. வேண்டாம் என்று வாயால் சொல்வதும் பங்கை விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

ஆகவே இன்றைய தேதியில் உங்கள் கணவருக்குச் சொந்தம் கால் பங்குதான். அதன் மேல் 15 லட்சத்துக்கு மாடி எடுத்தால், நாளைக்குப் பாகம் என்று வரும்போது “மேல் மாடி எங்கள் காசு, எங்களுக்கே” என்று சொல்ல முடியாது. செலவழித்த பணத்துக்கு ஈடு கேட்டு வழக்காடலாம். ஆனால் அதற்குள் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகிவிடும். வங்கியும் இதே காரணத்துக்காக நால்வர் கையெழுத்தும் இல்லாமல் கடன் தராது.

இதற்கு மருந்து விடுதலைப் பத்திரம். மற்ற மூவரும் தங்கள் பங்கை உங்கள் கணவர் பெயரைக் குறிப்பிட்டு விடுதலை செய்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பெயர் குறிப்பிடாமல் பொதுவாக “விட்டுவிட்டேன்” என்று எழுதினால் அது மீதிப் பங்குதாரர் அனைவருக்கும் போய்ச் சேரும். பத்திரம் எழுதுபவரிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். குடும்பத்தாருக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. உங்கள் ஊரில் சென்ட் 4 லட்சம் என்கிறீர்கள். இடம் 12, பழைய கட்டடம் 4 என வைத்தால் சொத்து மதிப்பு 16 லட்சம், விடுதலையாகும் முக்கால் பங்கு 12 லட்சம். தீர்வை 12,000, பதிவு 10,000, எழுத்துக்கூலி தனி.

வரிசை இதுதான். முதலில் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ், இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பிறகு 1991 கிரயப் பத்திரத்தின் அசலும் அன்றிலிருந்து இன்றுவரை வில்லங்கச் சான்றும். அதன்பின் விடுதலைப் பத்திரம். கடைசியாகக் கணவர் பெயருக்குப் பட்டா மாற்றம். வீட்டு வரி ரசீதையும் மின் இணைப்பையும் மட்டும் பெயர் மாற்றிக்கொண்டு ‘வீடு நம் பெயருக்கு வந்துவிட்டது’ என்று இருப்பவர்கள் நிறையப் பேர். அவை வரி கட்டியதற்கும் கரண்ட் எரித்ததற்கும்தான் சாட்சி.

கொழுந்தனார் பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்களில் ஒன்றைப் பதிவுக்கு ஒதுக்கிவிடுங்கள். வர முடியாவிட்டால் சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, இந்த ஒரு காரியத்துக்கு மட்டுமான பவர் பத்திரம் அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். தபால் உறையைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் அத்தாட்சி. அவருக்குப் பங்குக்காகப் பணம் கொடுப்பதாக இருந்தால், வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் வரிப் பிடித்தம் வரும். ஆடிட்டரைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம்.

நாத்தனார் மறுத்தால்? மறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. அதைத் துரோகமாகப் பேசத் தொடங்கினால் காரியம் கெட்டுவிடும். அவர் கால் பங்கு மேலே சொன்ன கணக்கில் 4 லட்சம். அதை வங்கி வழியாகக் கொடுத்து, பத்திரத்திலும் குறிப்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 15 லட்சம் மாடி 19 லட்சமாகும். அப்படியும் புது வீட்டைவிட மலிவு. கையெழுத்து கிடைக்காதவரை அந்த வீட்டில் ஒரு செங்கல்கூட ஏற்றாதீர்கள்.

வளவு வீட்டுப் பங்கு

கணவரின் ஆசை புரிகிறது. தேக்குத் தூணும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும், வெள்ளைக் கருச் சாந்து பூசிய சுவரும் 18 லட்சத்துக்கு என்றால் யாருக்கும் கை அரிக்கும். ஆனால் அவர் வாங்கப்போவது அந்த இரண்டு அறைகளை அல்ல.

விற்பவர் சொன்னதை வைத்தே பாருங்கள். வீட்டைக் கட்டியவருக்கு மூன்று மகன்கள், அவர்களுக்கு மும்மூன்று மகன்கள், விற்பவர் அந்தப் பேரன்களில் ஒருவரின் மகன், அவரோடு பிறந்தவர்கள் இன்னும் இருவர். அப்படியானால் பெண் வழியைக் கணக்கில் எடுக்காமலேயே அவர் பங்கு இருபத்தேழில் ஒன்று. அந்த இருபத்தேழில் ஒன்று முகப்பிலும் உண்டு, வளவிலும் உண்டு, கிணற்றடியிலும் உண்டு, எந்த இடத்திலும் தனியாக இல்லை. “எங்க ஐயா காலத்திலேயே வாய்ப்பேச்சாகப் பிரிச்சாச்சு” என்கிறார். வாய்மொழிப் பாகம் செல்லவே செல்லாது என்பதில்லை. ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் அதை நம்பி வாங்கியவர் தலையில் விழும். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் எல்லாம் படத்தில் மாலையோடு இருப்பார்கள்.

பதிவாகிவிட்டால் பிரச்சினை இல்லை என்று தரகர் சொல்லியிருக்கிறார். விற்பவரிடம் இல்லாத உரிமையைப் பதிவு உண்டாக்கித் தராது. பிரிபடாத குடும்பக் குடியிருப்பில் வெளியார் ஒருவர் பங்கு வாங்கினால், அங்கே கூட்டாகக் குடியிருக்கும் உரிமை அவருக்கு இல்லை என்கிறது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு. சாவி கையில் இருந்தாலும் ஒரு பங்காளி நினைத்தால் உங்களை வெளியே நிறுத்தலாம். சரி, என் பங்கைப் பிரித்துக் கொடுங்கள் என்று நீங்கள் வழக்குப் போட்டால், 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு குறுக்கே வரும். குடும்பப் பங்காளி எவராவது உங்கள் பங்கை வாங்க முன்வந்தால், நீதிமன்றம் மதிப்புப் போட்டு அவருக்கே கொடுக்கச் சொல்லும். ஓடு மாற்றவும் தரை போடவும் நீங்கள் செய்த செலவு முழுதாகத் திரும்பும் என்று எண்ண வேண்டாம்.

இதில் வாழ்க்கை முறையும் சேர்ந்திருக்கிறது. சாமி அறை பொது. படைப்பு (முன்னோருக்குப் படையல்), கல்யாணம் என்றால் பங்காளிகள் அத்தனை பேரும் வளவில் வந்து இறங்குவார்கள். அது அவர்கள் உரிமை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையை எங்கே உட்கார வைப்பீர்கள்? கூரையையும் பாருங்கள். மரச் சட்டத்தின் மேல் கையால் அடுக்கிய நாட்டு ஓடு, குரங்கு நடந்தாலே நகரும். உங்கள் இரண்டு அறைக்கு மேல் நீங்கள் ஓடு மாற்றினாலும், பக்கத்துப் பங்கின் கூரை பூட்டிக் கிடந்தால் தண்ணீர் அங்கிருந்து வாரை வழியாக உங்கள் சுவருக்கு வந்துவிடும். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு இரண்டு மழையில் பொருக்கு விட்டு உதிரும். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த ஆளைத்தான் தேட வேண்டும், கூலியும் அதற்கேற்றபடி. பிரிபடாத பங்கை அடமானமாக வைத்து வங்கி கடன் தராது என்பதால், கையிருப்பும் நகையும் போக மீதி வட்டிக்கு வாங்கியதாகத்தான் இருக்கும்.

ஒரு நிலையில் மட்டும் இதற்கு நான் சரி சொல்வேன். பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்க வேண்டும். அதில் இந்தப் பகுதிக்கு நான்கெல்லை எழுதி, தனி வாசல், தனி மின் இணைப்பு, தனி வீட்டு வரி எண், நத்தம் பட்டாவில் தனி உட்பிரிவு எல்லாம் இருக்க வேண்டும். அல்லது பங்காளிகள் அத்தனை பேரும், பெண் வாரிசுகள் உட்பட, ஒரே கிரயத்தில் கையெழுத்திட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வேண்டாம். (தூணையும் நிலையையும் கழற்றி விற்க நினைப்பவர்கள் இப்படிப் பங்கு பங்காக வாங்குவதுண்டு. அவர்கள் கணக்கு வேறு. குடியிருக்க நினைப்பவருக்கு அது உதவாது.)

அட்வான்ஸ் ஒரு லட்சம்: தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தமும் கட்டாயம் பதிய வேண்டியது. வெள்ளைத் தாள் ரசீதை வைத்து வீட்டைக் கேட்பது சிரமம், பணத்தைக் கேட்கலாம். மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு என்பதால் ஆறப் போடாதீர்கள். “மூலப்பத்திரமும் பாகப் பத்திரமும் காட்டவில்லை, முன்பணத்தைத் திருப்பித் தரவும்” என்று விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) ஒரு கடிதம் போடட்டும். நயமாகவே எழுதலாம். இதற்கு முன் கொடுத்த வாட்ஸ்ஆப் செய்திகளை அழிக்க வேண்டாம்.

நீங்கள் பார்த்த புது வீடு

இங்கே உங்களையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. “48 லட்சத்தில் 45 வரை லோன் கிடைக்கும்” என்று எழுதியிருக்கிறீர்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் வரம்பு. ஆக 38,40,000. மீதி 9,60,000 உங்கள் கையிலிருந்து. முத்திரைத் தீர்வை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம், முழு விலைக்கும் எழுதினால் 4,32,000. இதைக் கடனில் சேர்க்க முடியாது. வாசலில் கால் வைக்கும் முன் கிட்டத்தட்ட 14 லட்சம் வேண்டும். உங்களிடம் இருப்பது 6. மீதி எட்டுக்கு அந்த 25 பவுனில்தான் கை வைக்க வேண்டும். பிறகு 9 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதம் 34,500 தவணை. இருவர் வருமானமும் சேர்ந்து 62,000, அதில் பாதிக்கு மேல். கடையில் வியாபாரம் மந்தமாகும் மாதம் என்று ஒன்று வரும், மூத்தவள் கல்லூரிக் கட்டணமும் இன்னும் நான்கு வருடத்தில் வரும்.

வீடு கெட்ட வீடு என்று சொல்லவில்லை. நாத்தனார் பங்கு, கொழுந்தனார் பங்கு என்ற பேச்சே இல்லாத சுத்தமான சொத்து அது. மனைப்பிரிவு அங்கீகாரமும் கட்டட அனுமதியும் சரியாக இருந்து, பழைய வீட்டை நால்வரும் சேர்ந்து விற்று உங்கள் கணவரின் பங்கு கைக்கு வந்தால் கணக்கு மாறும். மாமியார் உயிரோடு இருக்கையில் அதை விற்கச் சொல்லும் இடத்தில் நீங்கள் இல்லை என்று நினைக்கிறேன்.

மாடி ஏற்றும் முன்

ஆகவே, விடுதலைப் பத்திரம் பதிவானபின் மாடி. 6 லட்சம் கையிருப்பு, 9 லட்சம் கடன் என்றால் 9 சதவீதத்தில் பத்து வருடத்துக்கு மாதம் 11,400. உங்கள் சம்பளத்தில் பாதி.

ஆனால் கொத்தனார் சொன்ன “மேலே கம்பி விட்டிருக்கு, தாராளமா ஏத்தலாம்” என்ற பேச்சை நம்பிவிடாதீர்கள். மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி அடித்தளம் வரை போகும் தூணுடையதாகவும் இருக்கலாம், சுவர் மேல் ஓடும் பெல்ட் காங்கிரீட்டின் கம்பியை வெறுமனே மேலே வளைத்து விட்டதாகவும் இருக்கலாம். 1996-லிருந்து மழையில் நனைந்தது வேறு. எடையைப் பாருங்கள்: 9 அங்குலச் செங்கல் சுவர் பத்தடி உயரத்துக்கு, ஓர் அடி நீளம் ஏறக்குறைய 400 கிலோ. மேலே நூறடிச் சுவர் வந்தால் 40 டன். 5 அங்குலத் தளம் சதுர அடிக்கு 29 கிலோ, 600 சதுர அடிக்கு 17 டன். இதைத் தாங்கப்போவது 30 வருடத்துக்கு முன் ஒற்றைத் தளத்துக்கென்று போட்ட அடித்தளம்.

கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்து, வீட்டு மூலையில் சுவரை ஒட்டி மூன்றுக்கு மூன்றடிக் குழி ஒன்று தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அடித்தளம் எவ்வளவு ஆழம், அடியில் எவ்வளவு அகலம், கல் கட்டா செங்கல் கட்டா, கீழே இருப்பது சரளையா கொட்டிய மண்ணா என்று அதில் தெரிந்துவிடும். பார்த்த அன்றே குழியை மூடி இடித்து இறுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தோண்டவே வேண்டாம். சுவர் நெடுகத் தோண்டவும் விடாதீர்கள். தாங்காது என்றால் முழு மாடிக்குப் பதில் எடை குறைந்த ஏஏசி பிளாக்கில் (காற்றுத் துளைகள் கொண்ட காங்கிரீட் கல்) ஓர் அறை என்று அவர் சொல்லக்கூடும். அந்த பிளாக் செங்கல் எடையில் மூன்றில் ஒரு பங்குதான்.

வரைபடம் வந்ததும் நீங்களே இரண்டு இடத்தைப் பாருங்கள். மேல் சுவர் ஒவ்வொன்றும் கீழ்ச் சுவரின் மேலேயே உட்கார்ந்திருக்கிறதா? ஹால் நடுவில், தளத்தின் மேல் அரைச் செங்கல் சுவர் வைத்தால்கூட அடிக்கு 200 கிலோ, கீழே விரிசல் விடும். மேல் குளியலறை, கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே இருக்கிறதா? அடுக்களைக்கு மேல் வைத்தால் என்றைக்காவது ஒருநாள் குழம்புச் சட்டியில் சொட்டும். படிக்கட்டையும் கணக்கில் சேர்த்தாரா என்று கேளுங்கள். பத்தடி ஏற 18 படி, படிக்குப் பத்து அங்குலம் என்றால் நேராகப் போட 14 அடி நீளம் வேண்டும். 3 சென்ட்டில் அது முன் வாசலைத் தின்றுவிடும், திருப்பிப் போடுவதா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பழைய தளத்தின் மேல் இருக்கும் தட்டோட்டையும் சுண்ணாம்புச் சல்லியையும் பெயர்த்து எடுத்த பிறகே தரை போட வேண்டும். இல்லையென்றால் அதுவும் சேர்ந்த சுமை.

பேரூராட்சி அனுமதி இல்லாமல் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பது நம் பக்கம் வழக்கம். வங்கி, அனுமதி பெற்ற வரைபடம் இருந்தால்தான் தவணை தவணையாகப் பணம் விடும். அனுமதிக்கு விண்ணப்பிக்கக் கணவர் பெயரில் பட்டா வேண்டும். விடுதலைப் பத்திரம் முதலில் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் நகையும் உங்கள் பெயரும்

விடுதலைப் பத்திரம் பதிவானால் வீடு முழுவதும் உங்கள் கணவருடையது. அதில் உங்களுக்குப் பங்கு இருக்காது. வங்கியில் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டு பத்து வருடம் தவணை கட்டினாலும் பொறுப்புதான் வருமே தவிர உரிமை வராது. நகை உங்கள் சீதனம், உங்கள் சொந்தச் சொத்து. அதைக் கொடுப்பதாக இருந்தால், விடுதலை முடிந்தபின் கணவர் பாதிப் பங்கை உங்களுக்குத் தானசெட்டில்மெண்டாக எழுதித் தரட்டும். அதற்கும் 1 சதவீதத் தீர்வை, அதே உச்சவரம்பு. கடன் வாங்கும் முன்பே எழுதிவிடுவது நல்லது, பிறகென்றால் வங்கியின் சம்மதம் கேட்க வேண்டிவரும். இதைக் கேட்பது கணவரை நம்பாததாக ஆகாது. அவர் யாரையும் கேட்காமல் ஒரு லட்சம் கொடுத்துவிட்டு வந்ததையும் இதையும் ஒன்றாக வைத்துச் சண்டை போடாமல், தனியாக ஒரு நாள் பேசுங்கள்.

நகையை விற்றால் பில், கணக்கில் பணம் ஏறிய தேதி, அங்கிருந்து கட்டுமானத்துக்குப் போனது மூன்றும் உங்கள் வங்கிக் கணக்கில் தெரிய வேண்டும். அடகு வைத்தால் ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும்.

மாமியார் தன் கால் பங்கை விட்டுக்கொடுக்கிறார் அல்லவா, விடுதலைப் பத்திரத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: அவர் ஆயுள் வரை கீழ்த்தளத்தில் குடியிருக்கும் உரிமை உண்டு என்று. அவர் கேட்கமாட்டார், நீங்களே சொல்லிச் சேருங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்து நாத்தனார் பேனாவை எடுக்கவும் கூடும்.